கம்பஸ் வளவுக்குள் ஒரு பள்ளிக்கூடம்

“எங்கட கம்பஸ் முந்தி ஒரு பள்ளிக்கூடமாம். அப்பிடியெண்டா அந்தப் பள்ளிக்கூடத்துக்கு என்ன நடந்தது? ஆர் மூடினது?” யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பஸ்ஸில் கொண்டக்டர் “பரமேஸ்வராச் சந்தி” என்று கூப்பிடுவதைக் கேட்டு, சந்தி இருக்கிறது, பரமேஸ்வராவைக் காணவில்லையே என்று யோசித்தாராம்.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆம், பள்ளிக்கூடம்தான். பரமேஸ்வராக் கல்லூரி. ஆண்பிள்ளைகளுக்காக சேர். பொன். இராமநாதன் 1921 இல் திருநெல்வேலியில் தொடங்கியது. 1974 இல் அந்த வளவிலேதான் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் வந்தது. பள்ளிக்கூடம் அதோடு முடிந்தது. (தமிழ்நாட்டிலிருந்து வாசிக்கிறவர்கள் குழம்ப வேண்டாம். இது யாழ்ப்பாண நகரத்துக்குப் பக்கத்துத் திருநெல்வேலி. ஊர் வாயில் தின்னவேலி.)

ஆனால் ஒரு பள்ளிக்கூடம் ஏன் பல்கலைக்கழகத்துக்கு வழிவிட்டது என்பது இந்த இரண்டு வரியில் விளங்காது. அதற்குக் கொழும்புக்குப் போகவேண்டும். இராமநாதன் படித்த பள்ளிக்கூடத்திலிருந்து தொடங்கவேண்டும்.

1835 இல் ஜோசப் மார்ஷ் என்ற பாதிரியார் கொழும்பு ஹில் வீதியில் இருபது பிள்ளைகளோடு ஒரு பள்ளிக்கூடம் வைத்தார். அடுத்த வருடமே ஆளுநர் வில்மட் ஹோர்ட்டன் அதை அரசாங்கப் பள்ளிக்கூடமாக்கினார். பெயர் கொழும்பு அக்கடமி. இலங்கை நிர்வாகத்தைச் சீர்திருத்த பிரிட்டன் அனுப்பிய கோல்புறூக் ஆணைக்குழு அறிக்கை கொடுத்து அதிக காலம் ஆகாத நேரம் அது. இங்கிலிஷ் தெரிந்த உள்ளூர் உத்தியோகத்தர் அரசாங்கத்துக்குத் தேவைப்பட்டார்கள். 1842 இல் பார்குறொவ்ட் போக் என்ற ஐரிஷ்காரர் அதிபராக வந்து 1870 வரை இருந்தார். அந்த 28 வருடத்தில் பள்ளிக்கூடம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மேலான ஒன்றாக மாறப் பார்த்தது. 1859 இல் குவீன்ஸ் கல்லூரி என்ற பெயரோடு கல்கத்தாப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டது. கல்கத்தாப் பல்கலைக்கழகமே 1857 இல் பிறந்தது. அது இரண்டு வயதுக் குழந்தையாக இருக்கும்போதே கொழும்பு அதன் கையைப் பிடித்துக்கொண்டது.

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். இலங்கைக்குச் சொந்தமாகப் பல்கலைக்கழகம் இல்லாத காலம். நல்ல பள்ளிக்கூடம் ஒன்று மேலே வளர வேண்டுமென்றால் கடலுக்கு அந்தப்பக்கம் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் சோதனைக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்த வேண்டும். அதுதான் ஒரே வழி. யாழ்ப்பாணத்திலும் இதுதான் கதை. வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் 1823 இல் தொடங்கிய செமினறி என்ற உயர்கல்விக்கூடம் 1855 இல் மூடப்பட்டுப் போனது. ஆனால் அங்கே படித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரல் விசுவநாதபிள்ளையும்தான் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள். செமினறியின் இடத்தில் 1872 இல் எழுந்த யாழ்ப்பாணக் கல்லூரியும் பின்னாளில் கல்கத்தாவோடு இணைந்தது. ஆக, ‘பள்ளிக்கூடம்’, ‘பல்கலைக்கழகம்’ என்று நாங்கள் இன்று போடுகிற கோடு அந்தக் காலத்தில் அவ்வளவு அழுத்தமாக இல்லை. ஒரே கூரைக்குக் கீழே அரிவரி என்ற முதல் வகுப்பும் இருக்கும், பட்டப்படிப்புக்கான வகுப்பும் இருக்கும்.

கொழும்பு அக்கடமியில் அந்தக் காலத்தில் படித்தவர்களில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவரை இங்கே சொல்ல வேண்டும். முத்துக்குமாரசுவாமி, அவருடைய சகோதரியின் பிள்ளைகளான இராமநாதன், அருணாசலம். இராமநாதன் 1851 இல் பிறந்தவர், தம்பி அருணாசலம் 1853 இல். அண்ணன் அங்கிருந்து சென்னை பிரசிடென்சிக் கல்லூரிக்குப் போனார். தம்பி 1870 இல் புலமைப்பரிசில் எடுத்துக் கேம்பிரிட்ஜ் கிறைஸ்ற்ஸ் கல்லூரிக்குப் போய், 1875 இல் போட்டிச் சோதனை எழுதி இலங்கைச் சிவில் சேவைக்குள் நுழைந்த முதல் இலங்கையரானார். கவனியுங்கள், இரண்டு பேரும் மேற்படிப்புக்குக் கடல் கடந்தார்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு அது முடிந்தது. மற்றவர்களுக்கு?

இந்தக் கேள்விக்கு அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள் என்பது என் வாசிப்பு.

தம்பியின் பதில் கொழும்பில். 1906 இல் இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கம் தொடங்கியது. முன்னுக்கு நின்றவர் அருணாசலம். லண்டன் பல்கலைக்கழகச் சோதனைக்கு உருப்போட்டு ஒப்புவிக்கிற படிப்புக்குப் பதிலாக இந்த நாட்டுக்கென்று ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்பது அவர்கள் கேட்டது. பதினைந்து வருட இழுபறிக்குப் பிறகு 1921 ஜனவரியில் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. றெஜினா வளவு என்ற பெரிய வீடொன்றை வாங்கிக் கொலிஜ் ஹவுஸ் என்று பெயர் மாற்றி வைத்திருந்தார்கள். அப்போதும் பட்டம் என்னவோ லண்டனுடையதுதான்.

பல்கலைக்கழகக் கல்லூரிக்கு ஒரு வீடு போதாது. பக்கத்தில் யார் இருந்தது? அதே பழைய கொழும்பு அக்கடமி. 1881 இலிருந்து அதன் பெயர் ரோயல் கல்லூரி. சான் செபஸ்தியன் மேட்டிலிருந்து கறுவாத்தோட்டப் பக்கம் வந்து, தேர்ஸ்டன் வீதியில் புதுக் கட்டிடத்தில் குடியேறிப் பத்துப் பன்னிரண்டு வருடம்கூட நிலைக்கவில்லை. 1923 இல் ரோயல் அங்கிருந்து எழும்பி றீட் அவெனியூப் பக்கம் கட்டிய புதிய மனைக்குப் போனது. அது விட்டுப்போன கட்டிடம் பல்கலைக்கழகக் கல்லூரியின் கைக்கு வந்தது. இன்று கொழும்புப் பல்கலைக்கழக வளவுக்குள் நிற்பது அந்தக் கட்டிடம்தான். தெருவைக் கடந்தால் ரோயல் கல்லூரி. வீடு மாறிய பழைய குடியிருப்பாளர் எதிர்வீட்டிலேயே இருக்கிற மாதிரி.

அண்ணனின் பதில் யாழ்ப்பாணத்தில். அதே 1921. இது தற்செயலாக இருக்கலாம், ஆனால் எனக்கு இந்த வருடப் பொருத்தம் ஒவ்வொரு முறையும் வியப்பாகத்தான் இருக்கிறது. தம்பி கேட்ட பல்கலைக்கழகக் கல்லூரி கொழும்பில் திறந்த அதே வருடம், அண்ணன் தின்னவேலியில் பரமேஸ்வராக் கல்லூரியைத் திறந்தார்.

இராமநாதன் ஏன் யாழ்ப்பாணத்துக்கு வந்தார் என்பதற்கும் ஒரு பின்கதை உண்டு. 1879 இல் முத்துக்குமாரசுவாமி இறந்தபோது சட்டசபையில் தமிழர் ஆசனத்துக்கு யாரை அனுப்புவது என்று கேள்வி வந்தது. யாழ்ப்பாணத்தில் கூட்டம் கூட்டி இராமநாதனுக்கு ஆதரவு திரட்டியவர் ஆறுமுக நாவலர். அந்த வருடக் கடைசியில் நாவலர் காலமாகிவிட்டார். நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியவர். மிஷன் பள்ளிக்கூடங்கள் நல்ல இங்கிலிஷ் தருகின்றன, கூடவே கிறிஸ்தவ வேதத்தையும் தருகின்றன. சைவப் பிள்ளைகள் சமயத்தை விற்றுப் படிப்பு வாங்கக்கூடாது என்பது அவர் வாழ்க்கை முழுக்கச் சொன்னது. 1890 அளவில் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி எழுந்ததும் அந்த வழியில்தான். இராமநாதன் அந்தக் கடனைப் பிந்தித்தான் கட்டினார். ஆனால் வட்டியோடு கட்டினார். 1913 இல் மருதனார்மடத்தில் பெண்பிள்ளைகளுக்கு இராமநாதன் கல்லூரி, எட்டு வருடம் கழித்து ஆண்பிள்ளைகளுக்குப் பரமேஸ்வரா. முதலில் பெண்பிள்ளைகளுக்கு, பிறகு ஆண்பிள்ளைகளுக்கு என்ற வரிசையை அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தில் வைத்து யோசித்துப் பாருங்கள்.

அவரை உச்சியில் தூக்கி வைக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அரசியலமைப்பை மாற்ற டொனமூர் ஆணைக்குழு வந்த காலத்தில் எல்லோருக்கும் வாக்குரிமை கொடுக்கக்கூடாது என்று நின்ற மனிதர் அவர். ஏழை எளியவன் கையில் வாக்குச்சீட்டா என்று கேட்ட அதே வாய்தான் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்றும் சொன்னது. இரண்டும் ஒரே ஆள்.

பரமேஸ்வராவில் இராமநாதன் வகுப்பறைகளோடு ஒரு சிவன் கோயிலையும் சேர்த்தே வைத்தார். பள்ளிக்கூடத்தின் பெயரே கோயிலின் பெயர். மிஷன் கல்லூரிகளில் சப்பல் என்ற சிறு தேவாலயம் இருக்கிற இடத்தில் இங்கே கோயில். அமைப்பை அப்படியே எடுத்து உள்ளே உள்ளதை மாற்றிவிட்டார். இதே வேலையை நாவலரும் செய்தார். மிஷனைப் பார்த்துப் படித்து மிஷனுக்கு எதிராகவே பிரசங்கமும் அச்சுக்கூடமும் நடத்தினார். யாழ்ப்பாணத்துச் சைவக் கல்வியின் கதையே ஒரு வகையில் இதுதான்.

பல வருடம் அதிபராக இருந்தவர் இராமநாதனின் மருமகன் சு. நடேசபிள்ளை. தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே ஊன்றியவர், தமிழ் அறிஞர். அரசியலிலும் இருந்தார். 1952 தேர்தலில் காங்கேசன்துறையில் தமிழரசுக் கட்சித் தலைவர் எஸ். ஜே. வி. செல்வநாயகத்தையே தோற்கடித்தவர் அவர்தான். பிரதமர் கொத்தலாவலையின் அரசாங்கத்தில் மந்திரியாகவும் இருந்தார். இந்தப் பள்ளிக்கூடம் வெறும் பள்ளிக்கூடமாக மட்டும் இருக்கவில்லை என்பதற்காகச் சொல்கிறேன். இராமநாதன் குடும்பத்தின் பெயரும், யாழ்ப்பாணத்து அரசியலும், சைவமும் ஒன்றாகப் பின்னிக் கிடந்த இடம். பின்னாளில் 1974 இல் வந்த சண்டைக்கும் இது ஒரு காரணம்.

இராமநாதன் 1930 நவம்பரில் காலமானார். அருணாசலம் அதற்கு முன்பே, 1924 ஜனவரியில் மதுரையில். இருவரும் நாட்டின் பல்கலைக்கழகத்தைக் காணவில்லை. இலங்கைப் பல்கலைக்கழகம் 1942 இல் வந்தது, 1952 இல் பேராதனைக்குப் போனது. அங்கே இராமநாதன் விடுதி, அருணாசலம் விடுதி என்று இரண்டு பெயர்களும் உண்டு. கொழும்பு அக்கடமியில் தொடங்கிய இரண்டு பையன்கள் பேராதனையில் விடுதிகளாக நிற்கிறார்கள்.

இனி 1974. முதலாம் வருடத் தம்பி கேட்ட “ஆர் மூடினது?” என்ற கேள்விக்கான பதில் இங்கே.

தமிழ்ப் பகுதியில் ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்ற கோரிக்கை 1950களிலிருந்தே இருந்தது. எங்கே என்பதில்தான் பிடுங்குப்பாடு. தமிழரசுக் கட்சியும் அதை அண்டிய தமிழ்ப் பல்கலைக்கழக இயக்கமும் திருகோணமலை என்றன. கிழக்கையும் வடக்கையும் சேர்த்துப் பிடிக்கிற இடம், அங்கே ஒரு பல்கலைக்கழகம் நின்றால் மண்ணும் நிற்கும் என்ற கணக்கு. தமிழ்க் காங்கிரஸ் பக்கத்தில் யாழ்ப்பாணத்தில் ஓர் இந்துப் பல்கலைக்கழகம் என்ற பேச்சு ஓடியது. சைவப் பெரியவர்கள் பலருக்கு அது பிடித்திருந்தது. இரண்டு பக்கமும் மேடைக்கு மேடை அடிபட்டார்கள். வருடங்கள் போயின. கட்டிடம் ஒன்றும் எழும்பவில்லை.

அதற்குள் நிலைமை மாறிவிட்டது. 1971 இல் தரப்படுத்தல், அதாவது பல்கலைக்கழக அனுமதிக்கு மொழிக்கு ஒரு வெட்டுப்புள்ளி. மருத்துவ பீடத்துக்குச் சிங்களப் பிள்ளைக்கு 229 புள்ளி போதும், தமிழ்ப் பிள்ளைக்கு 250 வேண்டும் என்று ஆனது. யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டில் ஒரு பையன் என்ன பாடுபட்டுப் படிப்பான் என்று தெரிந்தவர்களுக்கு இந்த 21 புள்ளி வெறும் எண் இல்லை. 1972 இல் நாட்டின் எல்லாப் பல்கலைக்கழகங்களையும் ஒன்றாக்கி ‘இலங்கைப் பல்கலைக்கழகம்’ என்று ஒரே பெயரை வைத்தார்கள். பேராதனை, கொழும்பு, வித்தியோதயா, வித்தியாலங்காரா, கட்டுபெத்தை எல்லாம் அதன் வளாகங்கள். ஆறாவது வளாகம் யாழ்ப்பாணத்தில் என்று சிறிமாவோ அரசாங்கம் முடிவெடுத்தது. புதிதாகக் கட்டிடம் கட்ட நேரமில்லை, காசுமில்லை. ஆயத்தமாக இருந்தவை இரண்டு: தின்னவேலியில் பரமேஸ்வரா, வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டப்படிப்புப் பிரிவு. மனிதப் பண்பியல் பரமேஸ்வராவில், விஞ்ஞானம் வட்டுக்கோட்டையில் என்று பிரித்தார்கள். 1974 ஒக்டோபரில் பிரதமரே வந்து திறந்துவைத்தார். திருகோணமலைதான் வேண்டும் என்றவர்களுக்கு இது கண்ணில் மண் தூவிய மாதிரி. தரப்படுத்தலால் எரிந்துகொண்டிருந்த இளைஞர்களுக்கு அரசாங்கத்தின் கையால் எது வந்தாலும் சந்தேகம். அந்த வருட ஜனவரியில்தான் யாழ்ப்பாணத்தில் நடந்த உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசி நாளில், பொலிஸ் நடவடிக்கையில் உயிர்கள் போயிருந்தன. எதிர்ப்புக்கு நடுவே பிறந்த பல்கலைக்கழகம் அது.

என் அபிப்பிராயம் கேட்டால், திருகோணமலை வாதத்தில் நியாயம் இருந்தது. ஆனால் 1974 இல் யாழ்ப்பாணம் வேண்டாம் என்று தள்ளியிருந்தால் திருகோணமலையும் வந்திராது. கையில் இருந்ததும் போயிருக்கும்.

வளாகத்தின் முதல் தலைவர் க. கைலாசபதி. தினகரன் ஆசிரியராக இருந்த விமர்சகர், இடதுசாரி. சைவம் தழைக்கவென்று இராமநாதன் வைத்த பள்ளிக்கூடத்து வளவுக்கு ஒரு மார்க்சியர் தலைவராக வந்தார். இன்று அங்கேயுள்ள கைலாசபதி கலையரங்கும் பரமேஸ்வரன் கோயிலும் ஒரே வளவுக்குள் இருக்கின்றன. அவருக்குப் பின் சு. வித்தியானந்தன். வட்டுக்கோட்டையிலிருந்த விஞ்ஞான பீடம் 1978 இல் தின்னவேலிக்கு வந்து சேர்ந்தது. அதே வருடம் மருத்துவ பீடம். 1979 ஜனவரி 1 முதல் இது வளாகம் அல்ல, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம். முதல் துணைவேந்தர் வித்தியானந்தன்.

ஆனால் தம்பி, நீங்களே ‘கம்பஸ்’ என்றுதானே கேட்டீர்கள்? 1979 இல் போன பெயர். பெயர்ப்பலகை மாறி எத்தனையோ வருடமாகியும் ஊரில் ஒருவர்கூட “பல்கலைக்கழகத்துக்குப் போறன்” என்று சொல்லி நான் கேட்டதில்லை. கம்பஸ்தான்.

மூடினது ஆர் என்றால், ஒருவரைக் கைகாட்ட முடியாது. பல்கலைக்கழகத்துக்குக் கட்டிடம் வேண்டியிருந்தது, பள்ளிக்கூடத்திடம் இருந்தது. கொழும்பிலும் 1923 இல் இதேதான் நடந்தது. வித்தியாசம் என்னவென்றால், ரோயலுக்கு முதலில் ஒரு மாற்று மனை கட்டிக் கொடுத்துவிட்டு எழுப்பினார்கள். அது அரசாங்கத்தின் செல்லப்பிள்ளை. பரமேஸ்வராவுக்கு அப்படி ஒரு மனை கிடைக்கவில்லை. படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் வேறு பள்ளிக்கூடங்களைப் பார்த்துக்கொண்டு போக வேண்டியதுதான். ரோயல் இன்றும் வருடா வருடம் சென் தோமசோடு கிரிக்கெட் அடிக்கிறது, தமிழ் மொழி வகுப்புகளும் அங்கே நடக்கின்றன. பரமேஸ்வராவுக்கு மிஞ்சியது ஒரு சந்தியும் ஒரு கோயிலும்.

எங்கள் ஊரில் ஒரு ஐயா இருந்தார். “நான் கம்பசுக்குள்ள எட்டு வருசம் இருந்தனான்” என்பார். கேட்கிறவர்கள் கலாநிதிப் பட்டம் வரை படித்தவராக்கும் என்று மரியாதையாக எழும்பி நிற்பார்கள். கொஞ்ச நேரம் அந்த மரியாதையை அனுபவித்துவிட்டுத்தான், ஆறாம் வகுப்பிலிருந்து பரமேஸ்வராவில் படித்த கதையை அவிழ்ப்பார். பிறகு சிரிப்பு நின்றுவிடும். பழைய மாணவர் சங்கம் என்று எல்லாரும் கூடுகிறார்கள், எங்களுக்குக் கூடுறதுக்கு ஒரு பள்ளிக்கூடம் இல்லை என்பார்.

நான் அங்கே படித்த காலத்தில் பின்னேர விரிவுரை இழுபட்டுப் போனால் கோயில் மணி கேட்கும். விரிவுரையாளர் நேரம் பார்க்காமலே புத்தகத்தை மூடுவார். அந்த மணி எங்களுக்காக வைத்ததல்ல, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக வைத்தது என்று அப்போது எனக்குத் தெரியாது.